பல் கம்பியை சீக்கிரம் கழற்ற லேசர் கைகொடுக்குமா?

‘கல்யாணத்துக்குள்ள கிளிப்பைக் கழற்றிடலாமா டாக்டர்?’ பல் சீரமைப்பு மருத்துவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகும் என்றதுமே பலருக்கு முகம் வாடிவிடும். அந்த நேரத்தில் ‘லேசர் வெச்சா சீக்கிரம் முடிஞ்சிடும்’ என்று யாராவது சொன்னால், கூடுதல் பணம் கொடுக்கவும் குடும்பம் தயாராகிவிடும். பணத்தைக் கட்டும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பல் எப்படி நகர்கிறது?

சுவரில் அடித்த ஆணிபோல பல் எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கம்பி மெதுவாக அழுத்தும்போது, பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல் எடுத்த இடைவெளியை மூடும்போது, மாதத்துக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் பல் நகரும். அவசரப்பட்டு அதிக அழுத்தம் கொடுத்தால் வலி கூடும். பல்லின் வேர் நுனி கரையும் ஆபத்தும் அதிகரிக்கும்.

இது வெட்டும் லேசர் அல்ல

இதில் பயன்படுவது குறைந்த சக்தி லேசர். ஈறை வெட்டாது, சுடாது. சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளியை ஈறின் மேல் சில விநாடிகள் காட்டுவார்கள். 1967-ல் புடாபெஸ்ட்டைச் சேர்ந்த மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், லேசரால் புற்றுநோய் வருமா என்று பார்க்க, முடி மழித்த எலிகளின் மீது அதைச் செலுத்தினார். புற்றுநோய் வரவில்லை, முடிதான் வேகமாக வளர்ந்தது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை உள்வாங்கி, கூடுதல் ஆற்றலைத் தயாரிக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். எலும்பைக் கரைக்கும் செல்களும் கட்டும் செல்களும் இப்படிச் சுறுசுறுப்பானால் பல் வேகமாக நகருமே என்ற எண்ணத்தில்தான் ஆய்வுகள் தொடங்கின.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2000-ல் ஜப்பானில் எலிகளிடம் செய்த ஆய்வில், லேசர் பட்ட பற்கள் 1.3 மடங்கு அதிகமாக நகர்ந்தன. 2004-ல் பிரேசிலில் 11 பேருக்கு, வாயின் ஒரு பக்கம் மட்டும் லேசர் கொடுத்து இரண்டு மாதம் கவனித்தார்கள். அந்தப் பக்கத்துக் கோரைப்பல் 34 சதவிகிதம் கூடுதலாக நகர்ந்தது. ஆனால், 2006-ல் தாய்லாந்தில் 12 பேரிடம் செய்த ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஒளியின் அலைநீளம், அளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதெல்லாம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் அளவு இன்னும் இல்லை.

இதுபோன்ற பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட அறிக்கை, ஒளி சிகிச்சையால் மொத்த சிகிச்சைக் காலம் குறைவதாகத் தெரியவில்லை என்கிறது. சில கட்டங்களில் மட்டும் வேகம் சற்றுக் கூடலாம். அதுவும் நடைமுறையில் பெரிதாகப் பயன்தருமா என்பது சந்தேகமே. கம்பியை முறுக்கிய பிறகு வரும் வலி லேசரால் கொஞ்சம் குறையலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்கும் உறுதியான ஆதாரம் போதாது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

* லேசரால் மொத்தம் எத்தனை மாதம் குறையும்? எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள்?
* எத்தனை முறை வர வேண்டும்? தனிக் கட்டணம் எவ்வளவு?
* லேசர் இல்லாமல் எப்போது முடியும்?

பணம் செலவில்லாத வழிகள்

சிகிச்சை இழுத்துக்கொண்டே போவதற்குப் பல நேரம் காரணம் நம் பக்கமே இருக்கும். சொன்ன தேதிக்குப் போகாமல் விடுவது, முறுக்கும் சீடையும் கடித்து பிராக்கெட்டைப் பெயர்த்துக்கொள்வது, மாட்டச் சொன்ன ரப்பர் பேண்டை மேஜையிலேயே வைத்துவிடுவது என எல்லாமே மாதக்கணக்கைக் கூட்டும். சரியாகப் பல் தேய்க்காமல் ஈறு வீங்கினாலும் சிகிச்சை தடைபடும்.

திருமணம், வெளிநாட்டுப் படிப்பு என்று தேதி ஏதாவது இருந்தால், முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கேற்ப பளிச்சென்று தெரியாத செராமிக் கிளிப்போ, வேறு திட்டமோ அவர் யோசிக்க முடியும். வேலை முடியும் முன் கம்பியைக் கழற்றினாலும், கழற்றிய பின் ரீடெய்னர் போடாமல் விட்டாலும், பற்கள் பழைய இடத்துக்கே திரும்பத் தொடங்கும். அப்புறம் செலவும் காத்திருப்பும் மறுபடி முதலிலிருந்து!