ஆலை விரியும்போது அண்டை ஊரார் கேட்க வேண்டுவன

ஓர் ஊரின் அருகே புதிதாக ஓர் ஆலை அமையப் போகிறது என்றால், ஊரார் கூடிப் பேசுவர், மனு எழுதுவர், அதிகாரிகளிடம் விளக்கம் கேட்பர். அதே ஆலை சில ஆண்டுகள் கழித்து இரு மடங்காகவோ மும்மடங்காகவோ விரியும்போது அத்தகைய விழிப்பு பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஆலைதான் முன்பே வந்துவிட்டதே, இனி என்ன கேட்பது என்ற சலிப்பே இதற்குக் காரணம். ஆனால் அண்டை ஊரின் நீரும் நிலமும் தாங்க வேண்டிய சுமை விரிவின்போதுதான் உண்மையில் பெருகுகிறது. ஆகவே, முதல் ஆலைக்குக் கேட்டதைக் காட்டிலும் கூடுதலாகக் கேட்க வேண்டிய காலம் அதுவே என்பது நமது கருத்து.

இதற்கு உதாரணம் நமது செங்கற்பட்டுக் கடற்கரையிலேயே இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தருவது அதன் திறன். அதனருகே 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அடுத்துள்ள பேரூரில் 40 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாவது ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. மூன்றையும் கூட்டினால் 65 கோடி லிட்டர். முதலில் பேசப்பட்டது இதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவே என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்.

இவ்வாலைகள் வேண்டா என்று வாதிடுவது நமது நோக்கமன்று. 2019 ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலை அவ்வாண்டு ஜூலையில் ஏற்பட்டது. தாகத்தால் வாடும் நகரத்துக்குக் கடலிலிருந்து நீர் எடுப்பதைக் குற்றம் என்று எவரும் கூறார். நகரம் நீரைப் பெறுகிறது. அதற்கான விலையில் கடற்கரைச் சிற்றூர்களின் மேல் விழும் பங்கு எவ்வளவு, அதை ஈடுசெய்பவர் யார் என்பதே நாம் கேட்பது.

ஒரு பங்கு நன்னீர் பெறுவதற்கு இரு பங்குக்கும் மேற்பட்ட கடல்நீரை உறிஞ்ச வேண்டும். எஞ்சும் நீர் ஏறத்தாழ இரு மடங்கு உப்புச் செறிவுடன் கடலுக்கே திரும்புகிறது. உறிஞ்சுவதற்கும் வெளியேற்றுவதற்கும் கடலடியில் குழாய்கள் பதிக்க வேண்டும். இக்கரையிலோ மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த ஓட்டத்தை எது தடுத்தாலும் ஒரு பக்கம் மணல் சேரும். மறு பக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பகுதியில் கரை தேய்ந்ததும் நாடறிந்த செய்தி. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் கட்டப்பட்டபின், நகரின் மணற்கரையே மறைந்து கற்குவியலாயிற்று.

நெம்மேலியை ஒட்டிய சூளேரிக்காட்டுக் குப்பத்து மீனவர்கள் முதல் ஆலைப் பணி நடந்த நாள்தொட்டு முறையிட்டு வருகின்றனர். கரை அரிக்கிறது, படகு ஏற்ற இடமில்லை, மீன்பாடு குறைந்தது, நிலத்தடி நீர் உவர்த்தது என்பன அவர்களுடைய குறைகள். இவற்றில் எது ஆலையால் வந்தது, எது கடலின் இயல்பால் வந்தது என்று நடுநிலையோடு தீர்ப்பதற்கு, ஆலை வருமுன் இருந்த நிலையைக் காட்டும் அளவுகள் ஊரார் கையில் இருக்க வேண்டும். அவை இல்லாவிடில் குறை கூறுவோர் சொல் வெறுஞ்சொல்லாகவே கருதப்படுகிறது. ஏழை மக்களின் வழக்குகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அதன் பட்டியலில் கண்ட பெருந்தொழில்கள் பலவற்றுக்கு 30 நாள் முன்னறிவிப்புடன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அப்பட்டியலில் தனி இனமாக இடம் பெறவில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின் கீழ் அனுமதி பெறுவதே முறையாக உள்ளது. எனவே 10 கோடி 65 கோடியாகும்போது ஊராரைக் கூட்டிக் கேட்பது கட்டாயமாக அமைவதில்லை. ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனி அறிக்கை இருக்கலாம். மூன்றும் சேர்ந்து ஒரே கரையில் செய்யும் விளைவை ஒன்றாகக் கணக்கிட்டு, தமிழில் அச்சிட்டு, ஊர் நடுவே படித்துக் காட்ட வேண்டும் என்பதே நியாயமான கோரிக்கை.

கடலோரத்தார் கவலை உழவருக்கும் நெசவாளருக்கும் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இக்கரையின் மணற்பாங்கான நிலத்தில் சவுக்கும் தர்ப்பூசணியும் வேர்க்கடலையும் விளைவது, உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலத்தால்தான். அந்நன்னீரின் மட்டம் ஓர் அடி தாழுமானால், அடியிலுள்ள உவர்நீரின் எல்லை காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலேறக் கூடும் என்பது நிலத்தடி நீர் நூலோர் கூறும் கணக்கு. கிணறு உவர்ப்பதற்கு ஆலையும் காரணமாகலாம். நாம் இரவும் பகலும் ஓட்டும் மோட்டாரும் காரணமாகலாம். அளவு எடுத்தால் அன்றி இதனைப் பிரித்தறிய இயலாது.

நெசவாளர் பாடம் கற்க வேண்டிய இடம் திருப்பூர். அங்கே சாயப் பட்டறைகள் ஒவ்வொன்றாகப் பெருகின. தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிது. அவற்றின் கழிவு அனைத்தும் சேர்ந்த இடம் நொய்யல் ஆறு. பாசனத்துக்கென 1992 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாயிற்று. கீழே இருந்த உழவர் நிலங்கள் கெட்டன. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் சென்று நெடுங்காலம் போராடினர். முடிவில் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று சாயப் பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. நிலம் இழந்த உழவனோடு, ஒரே நாளில் வேலை இழந்த தொழிலாளியும் தெருவில் நின்றான். மொத்தத்தை உரிய காலத்தில் கூட்டிப் பார்த்திருந்தால் இரு சாராரும் தப்பியிருக்கக் கூடும்.

ஆதலின் சங்கங்கள் செய்யத்தக்கன சில உண்டு. முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் தன் எல்லையில் பத்துக் கிணறுகளைத் தெரிந்தெடுத்து, மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தையும் உப்பளவையும் குறித்து வரலாம். உப்பளவு காட்டும் கைக்கருவி எளிதில் வாங்கத்தக்கது. கடலோரத்து மீனவர் சங்கங்கள், கோயில் மதில் போன்ற நிலையான ஓரிடத்திலிருந்து அலைக்கரை வரையுள்ள தூரத்தை மாதந்தோறும் அளந்து எழுதலாம். குறிப்பேட்டில் தேதியும் இரு சாட்சிகளின் கையொப்பமும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22 உட்பட ஆண்டில் பல நாட்களில் கிராம சபை கூடுகிறது. விரிவின் மொத்த விளைவை வெளியிட வேண்டும், கழிவுநீரின் அளவுகளை மாதந்தோறும் ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும், ஆலையின் அயலில் உள்ள குப்பங்களுக்கு அவ்வாலையின் நீரிலேயே ஒரு பங்கு தர வேண்டும் என அங்கே தீர்மானம் நிறைவேற்றலாம். மூன்றாவதாக, நமது சாயச் சாலைகளின் கழிவு எங்கே போகிறது என்பதையும் அதே ஏட்டில் எழுத வேண்டும். தன் வாசலைப் பெருக்காதவன் அயலான் வாசலைக் குறை கூறுவது எடுபடாது.

1904 ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் வந்த உடனேயே சங்கம் கண்டது, பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூர். தனியொருவனால் பெற முடியாத கடனை ஊர் கூடிப் பெறலாம் என்று அன்று நம் முன்னோர் காட்டினர். 1995 இல் மான்செஸ்டரில் கூடிய உலகக் கூட்டுறவாளர் பேரவையும், தாம் வாழும் சமூகத்தின் மீது அக்கறை கொள்வதைக் கூட்டுறவின் ஏழாவது கொள்கையாக ஏற்றது. தனியொரு மீனவனோ உழவனோ கேட்டால் கிடைக்காத விடை, அளவுகள் நிறைந்த ஏட்டுடன் சங்கம் கேட்டால் கிடைக்கும். அடுத்த விரிவு அறிவிக்கப்படும்வரை காத்திராமல், வருகிற மழைக்கு முன்பே முதல் அளவை எழுதத் தொடங்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.