வாழைக்கு எந்தப் பெயர்? சங்கத்தின் நிலைப்பாடு

பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன், ரோபஸ்டா என எல்லா வாழைக்கும் ‘மூசா பாரடிசியாக்கா’ என்ற ஒரே பெயரை, அது தனிச் சிற்றினம் என்பதுபோல எழுதும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது. தாவரவியல் ஆசிரியர்களும் வாழை விவசாயிகளும் சேர்ந்து இயங்கும் இச்சங்கம் அதைக் கைவிடக் கோருகிறது.

குழப்பத்தின் வேர் லின்னேயஸின் காலத்தில் இருக்கிறது. 1753இல் அவர் ஒரு வாழைக்கு மூசா பாரடிசியாக்கா என்றும், 1759இல் இன்னொன்றுக்கு மூசா சேப்பியண்டம் என்றும் பெயர் சூட்டினார். முன்னது நேந்திரனுக்கு நெருங்கிய சமையல் வாழை, பின்னது ரஸ்தாளி வகை என்பது இருபதாம் நூற்றாண்டு ஆய்வுகளில்தான் தெளிவானது. இரண்டும் மூசா அக்யூமினேட்டா, மூசா பால்பிசியானா என்ற காட்டு வாழைகளின் கலப்பில் வந்தவை. 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு ஆகிய இருவரும் 15 அடையாளங்களுக்கு மதிப்பெண் போட்டு, ஒரு ரகத்தில் எந்தக் காட்டு வாழையின் பங்கு எவ்வளவு என்று கணிக்க வழி வகுத்தனர். அக்யூமினேட்டாவுக்கு ஏ, பால்பிசியானாவுக்கு பி என்ற எழுத்துகளால் தொகுதிகளைக் குறிப்பது அதிலிருந்து வந்ததே.

அந்த அடையாளங்களில் சிலவற்றைத் தோப்பில் நின்றே பார்க்கலாம். அக்யூமினேட்டாவின் இலைக்காம்புப் பள்ளம் அகலத் திறந்திருக்கும். பால்பிசியானாவில் விளிம்புகள் உள்வளைந்து பள்ளத்தை மூடும். முன்னதன் பூமடல் விரிந்ததும் பின்னோக்கிச் சுருளும். பின்னதன் மடல் மேலே தூக்குமே தவிர சுருளாது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. பூவனும் ரஸ்தாளியும் ஒரே ஏஏபி தொகுதி. ஆனால் பனாமா வாடல் நோய்க்கு ரஸ்தாளி எளிதில் பலியாகும். பூவன் பெரும்பாலும் தாங்கி நிற்கும். கேரளத்திலோ ‘பூவன்’ என்றால் ரஸ்தாளி. தமிழ்நாட்டுப் பூவனுக்கு அங்கே பாளையங்கோடன் என்று பெயர். வெறும் பெயரை நம்பிக் கன்று வாங்குபவர், நோய் தாங்கும் என்று எண்ணி நோய்க்கு இலக்காகும் ரகத்தை நட்டுவிட நேரும்.

எனவே சங்கத்தின் நிலைப்பாடு இது:

1. இவ்விரு காட்டு வாழைகளின் கலப்பில் வந்த ரகங்களுக்கு இலத்தீன் பெயர் எழுதும்போது, மூசா × பாரடிசியாக்கா என்று கலப்பைக் காட்டும் பெருக்கல் குறியோடு எழுத வேண்டும். மூசா சேப்பியண்டத்தைத் தனிச் சிற்றினமாகக் காட்டக் கூடாது.

2. ரோபஸ்டா போன்ற ஏஏஏ தொகுதி வாழைகளில் பால்பிசியானாவின் பங்கே இல்லை. அவற்றை அக்யூமினேட்டாவின் கீழ்தான் சேர்க்க வேண்டும்.

3. கன்று விற்கும் இடத்தில் இலத்தீன் பெயர் மட்டும் போதாது. ரகத்தின் பெயர், தொகுதி, வட்டார வழக்குப் பெயர் மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும்.

4. உலர்தாவரத் தொகுப்புகளில் உள்ள பழைய சீட்டுகளைக் கிழித்து எறியக் கூடாது. திருத்திய பெயரைத் தேதியோடு பக்கத்தில் ஒட்டினால் போதும்.

பாடநூல் எழுதுவோரும் பூங்காப் பொறுப்பாளர்களும் நர்சரி நடத்துவோரும் அடுத்த பதிப்பிலும் அடுத்த பெயர்ப்பலகையிலும் இந்தத் திருத்தத்தைச் செய்ய வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது.