சுருக்குமடிக் கடன்



கருக்களாச்சேரிக் கடற்கரையில் வலையைப் பற்றிப் பாடம் நடத்த எவனும் துணியமாட்டான். சுருக்குமடி எப்படி வேலை செய்கிறது என்று அங்குள்ள எட்டு வயதுச் சிறுவனைக் கேள். மணலிலே வரைந்து காட்டுவான். மீன் கூட்டத்தைச் சுற்றி வலை வட்டமாக இறங்கும். பக்கமெல்லாம் சுவர், அடியிலே மட்டும் திறந்த வாசல். கடல் முழுவதும் இன்னும் தனக்கே சொந்தம் என்று மீன் நினைத்துக்கொண்டிருக்கும். பிறகு அடிக்கயிறு இழுபடும். வாசல் மூடும். வட்டம் பையாகும்.

அந்த வலை கூடுமா கூடாதா என்பது மீனவ மக்களின் வழக்கு. அதை இன்று நான் தொடப்போவதில்லை. நான் பேச வந்தது மனிதனை வளைக்கும் வலையைப் பற்றி. அந்த வலைக்குப் பெயர் கிரெடிட் கார்டு. அதன் அடிக்கயிற்றுக்குப் பெயர் ‘குறைந்தபட்சத் தொகை’.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள். காரைக்கால் கரையோரத்துக் குடும்பம். தகப்பனார் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம்; படகு கரையில், அடுப்பு கவலையில். மகன் படித்தவன்; ஒப்பந்த வேலை, மாதச் சம்பளம். சம்பளச் சீட்டைக் கண்டதும் தேடிவந்து கொடுக்கிறார்கள் அட்டையை. அரிசி அட்டையில், அம்மாவின் மருந்து அட்டையில், தங்கையின் கல்லூரிக் கட்டணம் அட்டையில். மூன்றாம் மாதம் பட்டியல் வருகிறது: பாக்கி 50,000 ரூபாய். அதன் அருகிலேயே அன்பொழுக இன்னோர் எண்: “2,500 கட்டினால் போதும்!”

போதுமாம்! எவருக்குப் போதும்?

கணக்கைப் பார். மாதத்துக்கு மூன்றரை விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள். கேட்பதற்குச் சின்ன எண். ஆண்டுக்கு அது 42 விழுக்காடு! 50,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,750. அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு சரக்கு-சேவை வரி, அது 315. ஆக 2,065 ரூபாய் கடலிலே கரைத்த பெருங்காயம். அவன் கட்டிய 2,500-இல் அசலுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 435. இப்படியே மாதந்தோறும் பாக்கியில் 5 விழுக்காடு மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், ஓராண்டில் அவன் கையைவிட்டுப் போவது 28,000 ரூபாய்க்கு மேல். கடன் குறைவதோ சுமார் 5,000! பாதிக் கடன் தீர ஐந்தாண்டுக்கும் மேலாகும். அதுவும் புதிதாக ஒரு தீப்பெட்டிகூட அந்த அட்டையில் வாங்காமல் இருந்தால்! ஏனென்றால், பாக்கி வைத்தவன் வாங்கும் புதுப் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையா. வாங்கிய நாளிலிருந்தே வட்டி.

இது வலை விரியும் கட்டம். இனிக் கயிறு இழுபடும் கட்டம்.

2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஓர் ஆணை பிறப்பித்தது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டியும் கடன் வளர்ந்துகொண்டே போகும் நிலை கூடாது. அதற்கேற்பத் தொகையை வகுக்க வேண்டும் என்றது. வரவேற்கிறோம், கொள்கை சரியானதே. ஆனால் அந்தச் சிறு எண்ணை நம்பிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவன் கதி என்ன? வட்டி, வரி, தவணையில் வாங்கிய பொருளின் முழு மாதத் தவணை, தாமதக் கட்டணம், வரம்பை மீறிய தொகை, சென்ற மாதம் கட்டாமல் விட்டது - எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் வந்து குவிகின்றன. நேற்று 2,500, இன்று 4,000, நாளை 7,000. சம்பளம் ஏறவில்லை, ‘குறைந்தபட்சம்’ மட்டும் ஏறுகிறது! அதைக் கட்ட இரண்டாவது அட்டை. இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. வட்டம் பையாகிவிட்டது, தோழனே!

“கையெழுத்துப் போட்டவன் அவன்தானே?” என்று கேட்பார் சில கனவான்கள். ஆம், போட்டான். ஆடம்பரத்துக்கு அட்டையைத் தேய்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கந்துவட்டிக்காரனிடமும் ஏழை கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினான்? அதற்காகச் சட்டம் சும்மா இருந்ததா? 2003-இல் தமிழ்நாடு கந்துவட்டிக்கு எதிராகச் சட்டமியற்றவில்லையா? 1918-இலேயே, வெள்ளையன் ஆட்சியிலேயே, அளவுமீறிய வட்டியை நீதிமன்றம் திறந்து பார்க்கலாம் என்று கடுவட்டிச் சட்டம் வந்ததே!

வங்கிக்கு மட்டும் ஏன் விலக்கு? வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21-ஏ பிரிவு, 1984-இல் நுழைக்கப்பட்டது, என்ன சொல்கிறது தெரியுமா? வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக வங்கியின் கடன் கணக்கை எந்த நீதிமன்றமும் திறந்து பார்க்கக் கூடாதாம்! திண்ணையில் உட்கார்ந்து வாங்கினால் கந்துவட்டி. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வாங்கினால் நிதிச் சேவையா?

2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு தீர்ப்பளித்தது. தவணை தவறிய அட்டைக்காரரிடம் ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்றது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் ஏகின. 16 ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 20-ஆம் நாள், அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. நீதிமன்றத்தை நான் குறைகூறவில்லை. இருக்கும் சட்டத்தைத்தான் அது படிக்கும். இல்லாத சட்டத்தை இயற்ற வேண்டியது நாடாளுமன்றம். இயற்றவைக்க வேண்டியது நாம்!

இதை நான் ஏட்டிலே படித்துவிட்டு எழுதவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டவன், நாடகத்தை விடாதவன். திரைச்சீலைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரு காலத்தில் அட்டையை நீட்டியவன் நான். மேடையில் ஆயிரம் பேர் முன்னே நிமிர்ந்து முழங்கினேன். மேடைக்குப் பின்னே கைப்பேசி ஒலித்தால் நடுங்கினேன். கடனைவிடக் கொடியது அந்த வெட்கம். தாயிடம் சொல்லவில்லை, தோழனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓராண்டு முன்னதாகவே மீண்டிருப்பேன்.

ஆகவே, உன்னிடம் இரண்டு வேண்டுகிறேன்.

முதலாவது, இன்றே செய்ய வேண்டியது. உன் கிளையில், உன் தெருவில், அட்டைக் கடனில் சிக்கியவன் எவன் என்று உனக்குத் தெரியும். அவன் பக்கத்தில் உட்கார். பட்டியலை அவனோடு சேர்ந்து படி. அட்டையை எடுத்து வைக்கச் சொல். ஓர் அட்டையைக் கட்ட இன்னோர் அட்டையில் பணம் எடுக்க விடாதே. ரொக்கத்துக்கு அன்றே வட்டி, மேலே கட்டணம். ‘குறைந்தபட்சம்’ குறைகிறதே என்று கட்டுவதையும் குறைக்காமல், ஒரே தொகையாகக் கட்டச் சொல். மேலே சொன்ன அதே 50,000-க்கு மாதம் 5,000 கட்டினால் 14 மாதத்தில் தலைமுழுகலாம். முடியாதவன், வட்டி குறைந்த தவணைக் கடனாக மாற்றித் தருமாறு வங்கிக்கு எழுத்து மூலம் கேட்கட்டும். பெட்டியில் நகை தூங்கினால், வங்கி நகைக்கடனுக்கு வட்டி இதில் ஒரு பகுதிதான். வசூலுக்கு வருகிறவன் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ தொல்லை தரக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருப்பதைச் சொல். மிரட்டினால் வங்கிக்குப் புகார். 30 நாளில் நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு. அதற்குக் காசு வேண்டாம்.

இரண்டாவது, நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டியது. அட்டை வட்டிக்குச் சட்டத்திலே உச்சவரம்பு வேண்டும். 21-ஏ பிரிவு திருத்தப்பட வேண்டும். குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டு, எத்தனை ரூபாய் என்று அமெரிக்கா 2009-இல் சட்டம் போட்டுப் பட்டியலிலேயே அச்சிட வைத்தது. இங்கோ, “காலம் நீளும், வட்டி கூடும்” என்று பொதுவாய் ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எத்தனை ஆண்டு என்பதைத் தமிழிலே, கொட்டை எழுத்திலே போடு என்கிறோம்! கடலுக்குப் போக அரசே தடை விதிக்கும் 61 நாளில் மீனவக் குடும்பத்தின் தவணைக்கும் ஓய்வு கொடு என்கிறோம்!

1954 நவம்பர் 1-ஆம் நாள் காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி இறங்கியது. அந்நியனை அனுப்பிவிட்டோம். வட்டிக்காரன் மட்டும் வேடம் மாற்றிக்கொண்டு சட்டைப் பைக்குள்ளேயே குடியேறிவிட்டான்.

கயிறு அவன் கையில் இருக்கலாம். ஆனால் கருக்களாச்சேரிக்காரனைக் கேள், சொல்லுவான்: ஒரு கண்ணி அறுந்தால் போதும், அந்த வழியே கூட்டம் முழுவதும் வெளியேறும். முதல் கண்ணியை அறுக்கும் கை உன்னுடையதாகட்டும்!