செம்பில் பதிந்த முகங்கள், பதியாத முகங்கள்

தமிழனுக்கு வரலாற்று உணர்வே கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு. வெள்ளைக்காரன் தன் அறிஞர்களின் முகத்தைக்கூடப் பத்திரப்படுத்தினான், இங்கே புலவர்களின் முகம் ஒன்றாவது மிஞ்சியதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதானா?

ஐரோப்பாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பேராசிரியர், பாதிரியார் எல்லோருக்கும் செப்புத்தகட்டுப் படம் போடுவது வழக்கம். தகட்டில் முகத்தைக் கோடு கோடாகச் செதுக்கி, மை நிரப்பி, மேலே துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து உருளையில் அழுத்துவார்கள். ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கான பிரதிகள்! படத்தின் கீழே பெயர், பதவி, சில சமயம் லத்தீனில் ஒரு புகழ்ப்பாட்டு. அந்தக் காலத்துப் போஸ்டர் என்றே சொல்லலாம்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவுக்கு அப்படி ஒரு படம் உண்டு. தமிழர் ஒருவருக்கும் உண்டு என்பதுதான் ஆச்சரியம். பாகூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கடலூரில் பிறந்த ஆரோன் அவர். 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ் லுத்தரன் போதகர். 1745இல் இறந்தார்.

ஆனால் இந்தப் படங்கள் யாருக்காக? தரங்கம்பாடிச் செய்திகளை ஜெர்மனியின் ஹாலே நகரம் 1710 முதல் அச்சிட்டது. படித்தவர்கள் நன்கொடை தந்தார்கள். கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று காட்ட ஒரு முகம் தேவைப்பட்டது. சீகன்பால்குவுக்கு மணலில் தமிழ் எழுதப் பழக்கிய எழுபது வயது வாத்தியாரின் முகம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஆக, முகம் மிஞ்சுவது பெருமையின் அளவுகோல் அல்ல. யார் செலவு செய்தார்கள் என்பதன் கணக்கு, அவ்வளவுதான்.

செம்பில் செதுக்குவது இந்த ஊருக்குப் புதிதா என்ன? 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி செப்பேடுகளில்தான் இருக்கிறது. அங்கே ஒரு ஆசிரியர் முகமும் இல்லை. கல்லூரிக்குச் சோறு போடும் நிலம் இருக்கிறது! அங்கே முகம் ஒருவரை நினைவில் வைத்தது. இங்கே செப்பேடு ஒரு பள்ளியையே நினைவில் வைத்தது. இதுவும் வரலாற்று உணர்வுதானே?

பாகூர், வில்லியனூர்ப் பள்ளிகளில் கற்பனையில் வரைந்த புலவர் படங்கள் தொங்கினால் தப்பில்லை. பக்கத்திலேயே ஆரோன் படத்தின் பிரதி ஒன்றையும் பாகூர்ச் செப்பேட்டின் புகைப்படத்தையும் மாட்டலாம். கீழே ஒரு வரி போதும்: செய்யச் சொன்னது யார், எதற்காக? அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளைகளை எந்தப் படமும் ஏமாற்றாது.