முதுகைப் பார்த்துப் பேர் சொல்லுங்கோ

இலையுதிர்கால விடுமுறைக்குத் தெனெரீஃப் போறம் எண்டு முடிவெடுத்ததில் இருந்து எங்கட வீட்டில் சுறாக் கதைதான். எட்டு வயது மகள் சூரிச் நூலகத்துப் புத்தகத்தில் இரண்டு படத்தைக் காட்டி, "அப்பா, ரெண்டும் ஒண்டுதானே?" எண்டு கேட்டா.

எனக்கு இரண்டும் திருக்கை மாதிரித்தான் தெரிந்தது. தட்டை உடம்பு, சிறகு போல விரிந்த செட்டை. ஆனால் திருக்கைக்குச் செட்டை தலையோடு ஒட்டியிருக்கும், செவுள் அடிப்பக்கத்தில் இருக்கும். இதுக்குச் செட்டை தலையை விட்டு விலகி நிற்கும், செவுள் பக்கவாட்டில். அதனால் இது சுறாதான். ஜெர்மனில் ஏங்கல்ஹை, ஏஞ்சல் சுறா.

படத்தில் இருந்தது இரண்டு இனம். முதலாவது சாதாரண ஏஞ்சல் சுறா. சுமார் 2.4 மீட்டர் வரை வளரும். மூக்கடியில் இருக்கிற மீசை எளிமையானது. இரண்டாவது, வாள்முதுகு ஏஞ்சல் சுறா, அதைவிடச் சிறியது. நடுமுதுகில் தடித்த முள்ளு வரிசை, மீசையில் குஞ்சம். முதலாவதின் குட்டிகளுக்கும் முதுகில் சின்ன முள்ளு இருக்கலாம். ஆகவே மீசையையும் பாருங்கோ.

இவ்வளவு நுணுக்கம் ஏன்? இரண்டுமே அழிவின் விளிம்பில் இருக்கிற இனங்கள். மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறதால் அடிமடி வலையில் சுலபமா அகப்படும். ஆங்கில மீன் சந்தையில் ஒரு காலம் ஏஞ்சல் சுறாவை 'மாங்க்ஃபிஷ்' எண்டு விற்றார்கள். பிறகு அதே பேர் வேறொரு மீனுக்குப் போனது. அது இங்க மீன்கடையில் ஸேடொய்ஃபல், அதாவது கடல் பிசாசு, எண்டு விற்கிற மீன். என்ர வேலையில் சொன்னால், இரண்டு பொருளை ஒரே பேரில் பதிந்தால் ஒண்டு குறைகிறது கணக்கில் தெரியாது. வட கடலில் ஏஞ்சல் சுறா இல்லாமலே போய்விட்டது.

சாதாரண ஏஞ்சல் சுறாவுக்கு மிஞ்சியிருக்கிற பெரிய புகலிடம் கனாரித் தீவுகள். தெனெரீஃபின் லாஸ் தெரெசிதாஸ் கடற்கரையில் அதன் குட்டிகள் வளருது. ஸ்பெயின் 2019இல் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. போகிற ஆக்கள் கண்டால் தொடாதேங்கோ, காலால் கிண்டாதேங்கோ. தூர நிண்டு படம் எடுத்து, அங்குள்ள ஏஞ்சல் சுறாத் திட்டத்துக்கு அறிவியுங்கோ.

"அப்ப ரெண்டாவதுக்குத் தமிழில என்ன பேர்?" எண்டு மகள் விடேல்லை. நான் யோசிக்க முதலே அவவே சொன்னா: "முள்ளு முதுகன்!"

மீன் சாப்பிடேக்க அம்மம்மா சொல்லிக் கொடுத்த சொல், முள்ளு. எங்கட வீட்டில் இனி அதுதான் பேர்.