மம்மிக்கும் பலம் வேண்டும்!

என் பெண்ணுக்குப் பள்ளி பாண்டில் 'ஸைடு டிரம்' கொடுத்திருக்கிறார்கள். 'ரோல்' பழகுகிறேன் பேர்வழி என்று சாயங்காலம் முழுக்க ஒரே அமர்க்களம்! மாமியார் காதைப் பொத்திக்கொண்டு, "பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குடீ?" என்றார்.

'நிறுத்துடீ' என்று சொல்லத்தான் போனேன். அவள் கண்ணில் தண்ணீர். "இடது கை வரவே மாட்டேங்குதும்மா. பாண்டிலேருந்து எடுத்துடுவாங்க."

எனக்கும் சொல்லிக்கொடு என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். வலது கையால் இரண்டு தட்டு, இடது கையால் இரண்டு தட்டு. நிதானமாகத் தொடங்கி வேகம் கூட்ட வேண்டும். ஆங்கிலேயப் பட்டாள டிரம்காரர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர் 'டாடி-மம்மி'! அவள் வாசிப்பில் 'மம்மி' ஈனசுரத்தில்தான் கேட்டது.

மாமியார் காதுக்காகத் தலையணையில் தட்டச் சொன்னேன். அதில் இரட்டை லாபம்! டிரம்மில் குச்சி தானாக எகிறும். தலையணையில் எகிறாது; ஒவ்வொரு தட்டுக்கும் மணிக்கட்டுதான் உழைக்க வேண்டும். குச்சியை இறுக்கிப் பிடிக்காமல், தினம் பத்து நிமிஷம், இடது கையில் ஆரம்பித்துப் பழகினாள். கை வலித்தால் உடனே ஓய்வு.

இப்போது டாடிக்குச் சமமாக மம்மியும் கேட்கிறது. "நம்ம வீட்லயும் அப்படியே ஆனா தேவலை" என்றேன். முதலில் சிரித்தது மாமியார்தான்!