துணியா, பெம்பர்ஸா?

பிள்ளைக்குத் துணி கட்டுவதா, கடையில் விற்கும் பெம்பர்ஸ் மாட்டுவதா என்பது பெண்கள் பேச்சு; சங்கப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கூலியும் தண்ணீரும் ஓய்வும் சேர்ந்த எந்த விஷயமும் சங்கத்தின் விஷயமே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாளுக்கு ஆறு, ஒன்று 60 காசு என்று வைத்துக்கொண்டால் மாதம் 108 வெள்ளி ஆகிறது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளுக்கு வகுத்தால், நாளுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. ஆக, ஒன்றரை நாள் உழைப்புக்கு மேல் குப்பைக்குப் போகிறது! இரண்டு டசன் துணியோ அடுத்த பிள்ளைக்கும் உதவும்.

துணியை வெளியில் காயப்போட்டு, அடுத்த பிள்ளைக்கும் பயன்படுத்தினால் சுற்றுச்சூழலுக்குக் கேடு குறையும் என்று பிரிட்டனில் 2008இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. பாடாங் செராய் வெயிலுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை. பெம்பர்ஸில் பிளாஸ்டிக் உண்டு. லயத்தின் பின்னால் கொளுத்தினால் அந்தப் புகையைச் சுவாசிப்பதும் நம் பிள்ளைகளே.

ஆனால் துணியே மேல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. அதைத் துவைப்பது யார்? விடியுமுன் பிரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் நிறுத்துவிட்டு வரும் தாய் அல்லவா? மழை பிடித்தால் துணி காயாது. குழாயில் தண்ணீர் நின்றால் துவைக்கவும் வழியில்லை. பெம்பர்ஸ் வாங்கும் தாயைச் சோம்பேறி என்பவர், ஒரு வாரம் அந்தத் துணிகளை அலசிப் பார்க்கட்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் குழாய்த் தண்ணீரையும் குழந்தைக் காப்பகத்தையும் பற்றி முதலாளிக்குக் கடமை விதிக்கிறது. அது ஏட்டோடு நிற்கலாகாது. ஆயாக் கொட்டகையில் துணி அலசவும் உலர்த்தவும் இடம் வேண்டும். மூன்றாவது, வீட்டிலுள்ள ஆண்மக்களிடம் கேட்பது. 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 98 நாள். தகுதியுள்ள தந்தைக்கும் சம்பளத்தோடு 7 நாள் உண்டு. அந்த ஏழு நாளில் துவைக்கப் பழகினால், எட்டாம் நாள் கை கூசாது.

பகலில் துணி, இரவிலும் மழையிலும் பயணத்திலும் பெம்பர்ஸ். எதைக் கட்டினாலும் ஈரத்தோடு விடாமல் உடனே மாற்றுங்கள். தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்தில் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசும்போது இந்தத் துணியையும் சேர்த்துப் பேசுங்கள்!